முதலில் யார் பெயர்

"ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு எதுக்குங்க இந்த ஓட்டம்?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டபோது நான் ஏற்கனவே செருப்பை மாட்டிவிட்டேன். கிள்ளானிலிருந்து காலை கொமுட்டர் ரயிலைப் பிடித்து, கோலாலம்பூரில் இறங்கி, வேறு ரயில் மாறிப் பல்கலைக்கழகம் போக வேண்டும். இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுபதை நெருங்கும் வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த உற்சாகத்தை இன்று நினைத்தாலும் கால்கள் பரபரக்கின்றன. அந்த உற்சாகத்துக்குள்ளேயே நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் இது பொய்யாகிவிடும்.

பட்டம் வாங்க ஒரு தடித்த ஆய்வேடு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. முதலில் ஆய்வு முறையியல் வகுப்பில் என் பேரன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேற வேண்டும். பிறகு முன்மொழிவை ஒரு குழுவின் முன் வைத்து, அவர்கள் அதைப் பிய்த்துப் போடுவதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதினாலும் மலாயில் சுருக்கம் வேண்டும். ஏற்கனவே எங்காவது வந்த வாசகங்கள் அதில் இருக்கின்றனவா என்று ஒரு மென்பொருள் பார்க்கும். கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஒவ்வொன்றையும் தாண்டும்போது எனக்குத் தலைகால் புரியாது. முன்மொழிவு தேறிய அன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, சர்க்கரை நோயை மறந்து, ஜிலேபி வாங்கித் தின்றேன்.

என் ஆய்வு கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் அச்சடித்த அழைப்பிதழ்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். மென்பொருளில் என் முதல் அத்தியாயத்தைப் போட்டதும் பாதிக்கு மேல் சிவப்பாக வந்தது. பத்திரிகைகள் எல்லாம் 'நிகழும் மங்களகரமான' என்றுதானே தொடங்குகின்றன? அது பாவம், ஊரிலுள்ள அத்தனை பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்ததாக எடுத்துக்கொண்டது.

அந்தச் சிவப்பைப் பார்த்து நான் விழித்தபோது, ஆய்வு மாணவர் அறையில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சார், மேற்கோளை எல்லாம் கழிச்சிட்டுப் போடணும். இப்படிக் குடுத்தீங்கன்னா உங்களைக் கல்யாணத் திருடன்னு சொல்லிருவாங்க."

மதுரைப் பக்கத்திலிருந்து மாணவர் விசாவில் வந்து படித்துக்கொண்டிருந்த பெண். இந்த ஊர்த் தமிழ் அச்சில் எப்படி மாறியிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. எங்கள் இருவருக்கும் ஒரே மேற்பார்வையாளர். கொஞ்ச நாளில் எங்களுக்குள் ஒரு பண்டமாற்று ஏற்பட்டது. அவள் என் அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும் ஒழுங்குபடுத்துவாள். நான் அவளுடைய சுருக்கத்தை மலாயில் பெயர்த்துக் கொடுப்பேன். இங்கே வந்த சில மாதங்களில் 'சார்' மறைந்து 'அங்கிள்' ஆனது. ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கேலி செய்தேன். "என்ன செய்றது லா?" என்றாள், இந்த ஊர் 'லா'வை வேண்டுமென்றே இழுத்து.

பத்திரிகை அடிக்கும் கடைகளுக்குச் சேர்ந்தே போவோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகக்காரர், வாய் ஓயாத மனிதர். பெயர்களை எந்த வரிசையில் போடுவீர்கள் என்று கேட்டதுதான் தாமதம்.

"ஐயோ அண்ணே, அத மட்டும் கேக்காதீங்க. போன மாசம் ஒரு கல்யாணம். தாத்தா பேரு மேல, டத்தோ பட்டம் வாங்குன மாமா பேரு கீழ. அடிச்சு முடிச்சாச்சு. டத்தோ வீட்டுலேர்ந்து போன் வருது. 'நான் வரல லா, அந்தத் தாத்தாவையே தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்லு'ன்னு."

"தாத்தாவே எடுத்துக் கொடுத்தாரா?" என்று கேட்டாள் அவள்.

"எங்கேம்மா கொடுப்பாரு? அவர் பேருக்கு முன்னாலதான் அமரர்னு போட்டிருக்கே!"

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே அந்தப் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். "அங்கிள், இங்க பாருங்க. தமிழ்ப் பக்கத்துலதான் தாத்தா முதல்ல. ஆங்கிலப் பக்கத்துல டத்தோதான் முதல்ல!"

வீட்டுக்கு வந்து என் பெட்டிகளைத் திறந்தோம். மனைவி கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது. பத்திரிகை பத்திரிகையாக எடுத்துத் தரையில் பரப்பினோம். தமிழ்ப் பக்கத்தில் வயதில் மூத்தவர் முதலில் நிற்கிறார், இறந்து போயிருந்தாலும். அதே அட்டையின் மறுபக்கத்தில் பட்டமும் பதவியும் உள்ளவர் முன்னே வந்துவிடுகிறார். ஒரே குடும்பம், ஒரே அட்டை, இரண்டு வரிசை. அத்தனை வருடமாக அவற்றைக் கையில் வைத்திருந்தவன் நான். திருப்பிப் பார்த்தது அவள். அன்று நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். மனைவி, "எதுக்கு இப்படிக் கூச்சல்? யாருக்குக் கல்யாணம்?" என்று ஓடிவந்தாள்.

அந்தக் கண்டுபிடிப்பை ஒரு கட்டுரையாக ஆய்விதழுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். அவள்தான் எழுதினாள். அட்டைகள் என்னுடையவை, கதைகள் என்னுடையவை. வாதமும் எழுத்தும் அட்டவணையும் அவளுடையவை. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அவள் அன்று தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் அச்சுக் கூடத்தில் தகவல் சேகரிக்கப் போயிருந்தாள். நான் போயிருந்தேன். இனி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அதில் மாணவரே முதல் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது பெயராக இருந்தால் கணக்கில் வராது. நான் தனியாக எழுதியனுப்பிய கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன.

சில நாள் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு உணவுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே என் பெயர், அதற்கடுத்து அவள் பெயர்.

"உங்க பேரை முதல்ல போட்டுட்டேன் அங்கிள். பெரியவங்க இருக்கும்போது என் பேரு மேல இருந்தா நல்லாவா இருக்கும்?"

எந்த வழக்கத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினாளோ அதையே அவள் எங்கள் பெயர்களுக்கும் செய்திருந்தாள், யோசிக்காமல். நான் யோசித்தேன். கூட்டத்தில் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு யோசனை வந்தது. எனக்கு வயதாகிறது, இன்னொரு கட்டுரை எழுதத் தெம்பு இருக்கிறதோ இல்லையோ. இவள் சின்னப் பெண், இன்னொன்றை எழுதிவிடுவாள்.

"உங்க விருப்பம்மா" என்றேன்.

அவளுக்கு அவகாசம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுடைய மாணவர் விசா அடுத்த பருவத்தோடு முடிகிறது. மதுரையில் ஒரு கல்லூரி அவளுக்காக ஒரு வேலையை வைத்துக்கொண்டு காத்திருந்தது, பட்டத்தோடு வந்தால் தருவோம் என்று. இதையெல்லாம் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்தபோது நான் கிள்ளான் ரயில் நிலையத்தில் இருந்தேன். கைப்பேசியில் அதைப் படித்துவிட்டு நடைமேடையில் ஒரு முழுச் சுற்று நடந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார அம்மாவிடம் "லுலுஸ், லுலுஸ்!" என்று சொல்லிச் சிரித்தேன். தேறிவிட்டேன் என்கிறேன் என்று புரிந்துகொண்டு அவரும் வாழ்த்தினார். யார் தேறியது, எதில் தேறியது என்று அவர் கேட்கவில்லை. அவள் அன்று அறை முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அடுத்த வாரம் அவள் சமர்ப்பிப்பதற்கான முன்னறிவிப்பைக் கொடுக்க அலுவலகம் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செல்லாதாம் அங்கிள். நான் ரெண்டாவது பேராம். ரூல் இப்பத்தான் மாத்தினாங்களாம். ஊருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

நம்மவர்களுக்கு ஒரு தலையாட்டல் உண்டு. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படித் தலையை ஆட்டினேன். இவ்வளவு வயதில் நான் செய்த கேவலமான காரியங்களில் அந்தத் தலையாட்டலைத்தான் முதலில் வைப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், அந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டது என்று, யாரோ செய்த தவறுபோலச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டுரைய எழுதுனது யாரு?"

"அவதான்."

"அப்ப அவ எழுதுனதுக்கு உங்களுக்கு டாக்டர் பட்டமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கீரையைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக மேற்பார்வையாளர் அறை வாசலில் நின்றேன். அவர் ஒரு காலத்தில் என் வகுப்பில் படித்தவர். நான் அவரை டாக்டர் என்பேன், அவர் என்னை சார் என்பார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கூட்டத்தில் இருந்தேன், தெரிந்தேதான் விட்டேன், பெயர்களை மாற்ற வேண்டும், அவள்தான் முதல் ஆசிரியர்.

அவர் கணினியைத் தட்டினார்.

"மாத்திட்டா உங்களுக்குக் கட்டுரை இல்ல சார். நீங்க சமர்ப்பிக்க முடியாது."

"தெரியும்."

"இதழ்க்காரங்க மெய்ப்பு அனுப்பியிருக்காங்க, பாத்தீங்களா? இன்னிக்குச் சாயங்காலம் மூடிடுவாங்க. வரிசைய மாத்தணும்னா ரெண்டு பேரோட கையெழுத்தும் காரணமும் வேணும். வெளிவந்துட்டா அப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டாங்க. அவ எங்க?"

அவள் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் இருந்தாள். அங்கே அட்டைகள் அச்சடிக்கும் ஒரு பெரிய தொழிற்சாலையில் கடைசித் தகவல்களை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறவர்களின் கைப்பேசியை வாயிலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டாம் படிவத்துல படிக்கும்போது பக்கத்துல பாத்து எழுதுனேன்னு என்னை வெயில்ல நிக்க வெச்சீங்க, ஞாபகம் இருக்கா சார்?" என்றார் மேற்பார்வையாளர், தாளை அச்செடுத்து என் கையில் திணித்தபடி. "இப்ப நீங்க மேருவுக்குப் போங்க. அங்கயும் வெயில் நல்லாத்தான் அடிக்கும்."

ஓடினேன். மூட்டு வலி இருக்கிறவன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாம் என்றால், ஓடினேன். கைப்பேசியில் கூப்பிட்ட காரை ஓட்டிவந்தது ஒரு தமிழ்ப் பையன்.

"மேருவா அங்கிள்? இந்நேரத்துக்கு அங்க ஒரே லோரி. ஜேம் லா."

"எப்படியாவது போப்பா. மதியத்துக்குள்ள போயாகணும்."

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. ஒரு கட்டுரையில பேரை மாத்தணும்."

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "கட்டுரைக்கா இந்த அவசரம்? நான் ஸ்கூல்ல கட்டுரையே எழுதுனதில்ல அங்கிள், நிம்மதியாத்தான் இருக்கேன்." ஆனால் நல்ல பையன். பின்பக்கச் சாலை ஒன்றில் திருப்பி, கொள்கலன் லோரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனான். எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. பல மாதங்களில் முதல்முறையாக நான் போக வேண்டிய பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையின் மதிய மணி அடித்தபோது நான் எதிரே சாலையோரத்தில் சாப்பாடு விற்கும் ஒட்டுக்கடையில் நின்றேன். வேலையாட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே அவள். என்னைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தாள். "என்ன அங்கிள், ஆன்டிக்கு என்னாச்சு?"

"ஆன்டி நல்லா இருக்காங்க. உட்காரும்மா."

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கூட்டத்தில் விதியைச் சொன்னார்கள். நான் கேட்டேன். உனக்குச் சொல்லவில்லை.

"நான் பேரைப் போட்டுக் காட்டினேனே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்குத் தலையாட்டுனீங்களே?"

"அப்பவும் தெரியும்."

கடைக்காரர் வைத்துவிட்டுப் போன ஐஸ் தண்ணீரை அவள் தொடவில்லை. டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து மேசையில் வழிந்தது.

"நான் மரியாதைக்காகத்தான் போட்டேன். சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு வேளை நானே யோசிச்சிருப்பேன், உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டா எழுதலாமான்னு. அந்த அட்டைங்கள வெச்சு ரெண்டு எழுத முடியும். கேக்கவே இல்லையே நீங்க." குரல் உயரவில்லை. கையை நீட்டினாள். "எங்க கையெழுத்துப் போடணும், சார்?"

சார். அங்கிள் என்ற சொல் அந்த ஒட்டுக்கடையில் நின்றுபோனது.

தாளில் அவள் கையெழுத்திட்டாள், பிறகு நான். காரணம் என்ற இடத்தில், 'இந்தக் கட்டுரையை எழுதியவர் இவரே. வயது கருதி என் பெயர் முதலில் வைக்கப்பட்டது. அது தவறு என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் அதைப் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பினாள். இணைப்பு சரியில்லை. அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் கைப்பேசிமேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். போய்ச் சேர்ந்தது என்று வந்ததும் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். அவள் தட்டவில்லை. தொழிற்சாலைக்குள் போய்விட்டாள்.

மாலையில் ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. பெயர்களை மாற்றிவிட்டார்கள். அவளுக்கும் அதே மடல் போயிருக்கும். அவளிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை.

அவள் சமர்ப்பித்தாள். தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து வைவாவுக்கு நாள் குறிப்பதற்குள் விசா முடிந்துவிடுமோ என்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். அந்த வாரங்களில் அவள் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினாள். மலாய்ச் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் சரிதானா சார் என்று கேட்பாள். சரி என்பேன். நான் கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை அது. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

வைவா அன்று என் மனைவி விடியும் முன்பே எழுந்து வடையும் கேசரியும் செய்து அடுக்குப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தாள். தேர்வாளர்களுக்கு மாணவர் தரப்பில் ஏதாவது கொடுப்பது இங்கே பழக்கம். போய்ப் பார்த்தால் வாசலிலேயே அலுவலகப் பெண் கையை விரித்தார். "இப்ப எல்லாம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அங்கிள். லஞ்சம் மாதிரி ஆயிடும்லா." ஆக, அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு உறுதியாக. ஒருமுறை எல்லோரும் சிரித்தார்கள். அமரர் தாத்தா கதையாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் கூடிப் பேசினார்கள். அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் வைவாவுக்குக்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடிக்காது. கதவு திறந்தது, அவளைக் கூப்பிட்டார்கள், மூடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன், அடுக்கைக் கையில் பிடித்தபடி.

வெளியே வந்தவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "சின்னத் திருத்தம்தான்! பாஸ்!" மேற்பார்வையாளர் அவளைக் கட்டிக்கொண்டார். நான் தள்ளியே நின்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அடுக்கைப் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

"சட்னி இல்லையா, அங்கிள்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன், இந்த முறை தெளிவாக.

"அந்த அட்டைங்கள வெச்சு இன்னொண்ணு எழுதலாம்னு சொன்னேன்ல?" என்றாள், வாயில் வடையோடு. "அதுல உங்க பேரு முதல்ல. ஆனா எழுதுறது நீங்கதான். நான் ஒரு வரி எழுத மாட்டேன் லா."

அவள் இப்போது மதுரையில் பாடம் எடுக்கிறாள். நான் காலநீட்டிப்புக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் முதல் வரைவை அனுப்பினேன். பாதிப் பக்கங்களில் சிவப்புக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. மேருவில் நடந்ததை அவள் மறந்திருக்க மாட்டாள் என்பது சில குறிப்புகளைப் படித்தால் தெரிகிறது. 'இது யார் சொன்னது? ஆதாரம் எங்கே?' என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். இன்று காலையும் செருப்பை மாட்டிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் அச்சகக்காரர் ஒரு புதுப் பத்திரிகை வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார், இரண்டு டத்தோக்கள் உள்ள குடும்பமாம். ரயிலுக்கு நேரமாகிறது.